சுவர்ப் பில்லை

அந்த அணுமின் நிலையத்தில் பில்லையக்காவின் ஜன்னலைத் தாண்டாமல் ஈ, காக்கைகூட உள்ளே போக முடியாது. பெரிய இன்ஜினீயராக இருந்தாலும் சரி, கக்கூஸ் கழுவுகிறவராக இருந்தாலும் சரி, கம்பி போட்ட அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று, தன் எண்ணைச் சொல்லி, தன் பில்லையை வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டுதான் போகவேண்டும். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு உறை. அதற்குள் மெல்லிய சீட்டு. உள்ளே போகிறவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அந்தச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை சீட்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆளுக்கொரு எண்ணாகத் திரும்பி வரும். உறையைத் திறக்க ஒரு தனி ஊசி உண்டு. அது அக்காவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும்.

அறைச் சுவரில் நானூறு கொக்கிகள். முதல் கொக்கியில் இருக்கிற பில்லை யாருக்கும் சொந்தமில்லை. அது உள்ளே போகாது, வெளியே வராது, சுவரிலேயே கிடக்கும். மண்ணிலும் வெயிலிலும் இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறதல்லவா, அது எவ்வளவு என்று பார்ப்பதற்காக வைத்தது. மற்றவர்கள் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சுவர்ப் பில்லை என்று பெயர். அக்கா அதையும் தினமும் துடைத்து வைப்பாள்.

"இந்த நிலையத்துல நிம்மதியா ரெஸ்ட் எடுக்கிறவன் இவன் ஒருத்தன்தான்" என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வாள். அவள் வாய்க்குப் பயந்தே பலர் தங்கள் எண்ணை மறக்காமல் இருந்தார்கள்.

இருநூற்றுப் பதினேழாம் கொக்கி அவள் தம்பியுடையது. நிலையத்தில் அவனுக்குச் சிட்டு என்று பெயர். ஒல்லி உடம்பு. மற்றவர்களுக்குத் தோள் மாட்டிக்கொள்கிற குழாய் இடுக்கில் சரசரவென்று நுழைந்து, வால்வைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பீடி கேட்பான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. அவள்தான் தலைவாரி, சோறூட்டி, அடித்து, அழுது, வளர்த்தாள். படிப்பு ஏறவில்லை என்றதும் கான்ட்ராக்டர் கையைக் காலைப் பிடித்து மெக்கானிக் வேலையில் சேர்த்துவிட்டாள். தனக்கென்று வந்த ஒரே கணவனும் இரண்டே வருஷத்தில் செத்துப்போன பிறகு அவளுக்கு உலகம் என்றால் தம்பிதான்.

வருஷத்துக்கு ஒரு முறை உலையை நிறுத்தி நாற்பது நாள் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த நாற்பது நாள்தான் முழு வருஷத்துப் பிழைப்பு. ஆனால் ஒரு ஆள் இவ்வளவு கதிர்வீச்சுதான் வாங்கலாம் என்று வரம்பு இருக்கிறது. சீட்டின் எண் அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் 'நிறைந்துவிட்டான்' என்பார்கள். நிறைந்தவனை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. இடுக்கில் நுழைகிறவன் எல்லோருக்கும் முன்னால் நிறைவான். சிட்டு தன் முதல் ஷட்டவுனில் பதினோராம் நாளே நிறைந்துவிட இருந்தான்.

அன்று காலை ஜன்னலில் வந்து குனிந்தான்.

"அக்கா, சீட்டை எடுத்துட்டு வெறும் உறையைக் குடேன்."

"எதுக்குடா?"

"இன்னைக்கு அடியில இருக்கிற வால்வு. போனா நிறைஞ்சிடும். நாளையிலேருந்து வீட்டுல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது அக்கா."

"யாராவது பார்த்துட்டா?"

"நம்ம நெஞ்சுல உறை இருக்கான்னுதான் செக்யூரிட்டி பார்க்கிறான். உள்ள என்ன இருக்குன்னு எவன் பார்த்தான்? இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

அக்கா ஊசியால் உறையைத் திறந்தாள். சீட்டை எடுத்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி டிராயரில் வைத்தாள். வெறும் உறையைத் தன் கையாலேயே அவன் சட்டையில் குத்திவிட்டு, "பார்த்துப் போடா" என்றாள். சாயங்காலம் அவன் திரும்பி வந்ததும் சீட்டை உறைக்குள் வைத்துக் கொக்கியில் மாட்டினாள்.

அந்த ஒரு நாள் பத்தொன்பது ஷட்டவுன் நீடித்தது. இரண்டு பேருமே முட்டாள்கள் இல்லை. கதிர்வீச்சு வகுப்பில் வருஷா வருஷம் உட்கார்ந்து பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான். ஆனால் அந்த ஜன்னலுக்கு முன்னால் எல்லோரும் பயந்தது எண்ணுக்கு. "சீட்டுல ஏறலைன்னா உடம்புலயும் ஏறலை" என்று சிட்டு முதலில் கிண்டலாகச் சொன்னான். பிறகு அதையே நம்பிவிட்டான். அக்காவும் நம்பினாள். ஆய்வகத் தாள் வந்தால் முதலில் இருநூற்றுப் பதினேழைப் பார்ப்பாள், பிறகு முதல் கொக்கியின் எண்ணைப் பார்ப்பாள். அந்த முதல் பத்து நாள் கணக்கைத் தவிர, தம்பியின் எண்ணும் சுவர்ப் பில்லையின் எண்ணும் அச்சாக ஒன்றாக இருக்கும். பிள்ளை பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினது போல அவளுக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

இருபதாம் வருஷம் சிட்டுவுக்கு வந்த காய்ச்சல் போகவில்லை. பல் தேய்த்தால் ரத்தம். தொடையில் அடிபடாமலே கன்றிய நீலம். ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அக்கா அவனைக் கைத்தாங்கலாக நிலையத்தின் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வேலையால் வந்த நோய் என்று அந்த டாக்டர் ஒரு கடிதம் எழுதிவிட்டால் போதும், நிலையமே தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கடைசிவரை பார்க்கும். இல்லாவிட்டால் ஊர் ஆஸ்பத்திரி. அங்கே இந்த நோய்க்கு டாக்டரே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு எழுதிப் போட்டு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். சிட்டுவுக்கு எட்டு மாதம் தாங்காது என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டாக்டர் நல்லவர்தான். ஆய்வகத் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது சிகரெட்டால வரும், பரம்பரையால வரும், காரணமே இல்லாமலும் வரும். உலையால வந்ததுன்னு நான் எழுதணும்னா எண் வேணும். இவரோட எண் சுவத்தோட எண்ணும்மா. சுவத்துக்கு வியாதி வந்திருக்குன்னு நான் எழுத முடியுமா?"

அக்கா வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பத்தொன்பது வருஷம் தம்பியைக் காப்பாற்றினதாக நினைத்துக்கொண்டு, அவனுக்கு ஆதாரமாக இருந்திருக்கக்கூடிய ஒவ்வொரு எண்ணையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடியவள் அவள்தான்.

இந்தச் சமயத்தில் ஊர் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. நிலையத்தை ஒட்டிய பொட்டல் வெளியில் மூன்றாவது உலை கட்டுவதா, காற்றாலையும் சோலாரும் போடுவதா என்று சண்டை. ஒரு பக்கம் உலைக்கட்சி, இன்னொரு பக்கம் காற்றாடிக்கட்சி. நாட்டுக்குக் கரண்டு வேண்டும், ராத்திரியில் சூரியன் எங்கே, காற்று நின்றால் தொழிற்சாலையை மூடுவதா என்று இவர்கள் கேட்டார்கள். கழிவைப் பத்தாயிரம் வருஷம் எவன் வீட்டுப் பரணில் வைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். சலூன்காரர் காற்றாடிக்கட்சி. முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் உலைக்கட்சி என்று பாதி வெட்டினபிறகு தெரிந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். அந்த மனுஷன் இரண்டு நாள் அரைத் தலையோடு திரிந்தார். இரண்டு கட்சியிலும் மெத்தப் படித்தவர்கள் இருந்தார்கள். வால்வைக் கழற்றப் போகிறவனைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

முடிவெடுக்க மூன்று பேர் கொண்ட கமிஷன் வருகிறது, பொதுமக்கள் வந்து பேசலாம் என்று அறிவித்தார்கள். கமிஷன் முன்னால் உண்மையைச் சொன்னால் எண்ணைத் திருத்தித்தானே ஆகவேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. காற்றாடிக்கட்சியை நடத்துகிற ஜோல்னாப் பை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மாவின் முகத்தில் விளக்கு போட்டது போல ஒரு வெளிச்சம்.

"உங்க தம்பி ஒருத்தர் போதும்மா, இந்த உலையை நிறுத்த!"

"உலை நிக்கட்டும், நிக்காம போகட்டும். என் தம்பிக்கு டாக்டர் கடுதாசி கிடைக்குமா?"

"கண்டிப்பாக் கிடைக்கும்" என்றாள் அந்த அம்மா. அதைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மகள் கதவைத் திறந்துவிட்டாள். அலமாரியில் ஒரு கூடை ஆப்பிள் இருந்தது.

"யாருடா வந்தா?"

"சிரிப்பு ஆபீசர். நலம் விசாரிச்சுட்டுப் போனாரு."

நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியைத்தான் அப்படிச் சொல்வார்கள். சாவு வீட்டுக்கு வந்தாலும் பல் தெரியும். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்குத் தான் என்ன சொல்லப்போகிறாள் என்பதைத் தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வேலை போகும், ஜெயில்ல கூடப் போடுவாங்க. போகட்டும். நீ பொழைச்சு எழுந்திரி." சிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாவம், குழந்தைக்கு அழுகை வருகிறது என்று அக்கா நினைத்தாள். நாற்பத்திரண்டு வயதுக் குழந்தை.

பள்ளிக்கூட அரங்கில் விசாரணை. ஊரே திரண்டிருந்தது. உலைக்கட்சிப் பேராசிரியர் ஒருவர் உச்சக்குரலில் முழங்கும்போது கரண்டு போய் மின்விசிறி எல்லாம் நின்றது. "பாருங்க, காத்தாடியை நம்பினா இதான் கதி!" என்றான் ஒருவன். "யோவ், இப்ப போனது உங்க உலைக் கரண்டுய்யா!" என்றான் இன்னொருவன். கடைசியில் வாசலில் டீசல் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அந்தப் புகையில் இருமிக்கொண்டே இரண்டு கட்சியும் நாட்டின் எதிர்காலத்தைத் தொடர்ந்து பேசின. பிறகு பிணங்களை எடுத்து வீசிக்கொண்டார்கள். உலையால் செத்தவர்கள் இத்தனை பேர் என்று காற்றாடிக்கட்சி. காற்றாலை உச்சியிலிருந்து போன வருஷம் விழுந்தவனுக்கு என்ன பதில் என்று உலைக்கட்சி. விழுந்தவனின் மனைவி நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்று, ஜன்னலில் நின்று பேசுவது போலவே தெளிவாகச் சொன்னாள். ஊசியைக் காட்டினாள். பிஸ்கட் டப்பாவைக் காட்டினாள். "உறையை மட்டும் நெஞ்சுல மாட்டி அனுப்பிடுவேன். சீட்டை இந்த டப்பாவுல போட்டு டிராயர்ல வச்சிருவேன். சாயங்காலம் திருப்பி மாட்டுவேன். வாசல்ல ஒருத்தனும் உறையைத் திறந்து பார்த்தது கிடையாது. பத்தொன்பது வருஷம் என் தம்பியோட எண் சுவர்ப் பில்லையோட எண்தான். நீங்களே தாளைப் பாருங்கய்யா. உலைக்குள்ள போய் வேலை பார்த்தவனும் சுவத்துல தொங்கினதும் எப்படிய்யா ஒண்ணாகும்? தப்பு என்னோடது. என்னை என்ன வேணா செய்யுங்க. அவனுக்கு அந்தக் கடுதாசியை மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

காற்றாடிக்கட்சிக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஜோல்னாப் பை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரிப்பு ஆபீசர் நிதானமாக எழுந்து வந்தார்.

"ஐயா, தாளை நானும் பார்த்தேன். அந்த அம்மா சொல்றது சரிதான். ரெண்டு எண்ணும் ஒண்ணுதான். எங்க நிலையத்துக்குள்ள பத்தொன்பது வருஷம் வேலை பார்க்கிறதும், ஆபீஸ் சுவத்துல தொங்குறதும் ஒண்ணுதான். அவ்வளவு பாதுகாப்பு. இதைத்தான் நாங்களும் இத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருக்கோம்."

அரங்கமே அதிர்ந்து சிரித்தது. காற்றாடிக்கட்சியில்கூடச் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பு அடங்கினதும் ஆபீசர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். சிட்டுவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அக்கா பதறிப்போய் ஓடி வந்தாள். "இந்த உடம்போட இவனை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

சிட்டு மைக்கைக் கையில் வாங்கினான். அக்காவைப் பார்க்கவில்லை.

"நான் ஒரு நாளும் சீட்டைக் கழட்டினதில்லைங்க. எங்க அக்கா சொல்றது அத்தனையும் பொய். எனக்கு உடம்புக்கு வந்ததுலேருந்து அவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. என் மேல இருக்கிற பாசத்துல பேசுறா. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடுங்க."

"டேய்..." என்றாள் அக்கா. டப்பாவைத் திறந்து கமிஷன்காரர்களிடம் நீட்டினாள். உள்ளே என்ன இருக்கும்? சீட்டையெல்லாம் அன்றன்றே திருப்பி மாட்டிவிட்டாளே. வெறும் டப்பாவைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்கள்.

வெளியே ஜோல்னாப் பை அம்மா படியில் நின்றிருந்தாள். அக்கா பக்கத்தில் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க தம்பியை முதல்லயே சரிக்கட்டி வச்சிருக்கக் கூடாதாம்மா? எங்க கேஸே நாசமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான், கை கழுவியாயிற்று. மறுநாள் அக்காவை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்தது. மனநிலை சரியில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். ஊசியையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டார்கள்.

சிட்டுவை ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா ஒரு வாரம் போகாமல் இருந்து பார்த்தாள், முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அவன் கட்டிலில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"என் பொண்ணுக்கு நிலையத்துல வேலை தர்றேன்னு ஆபீசர் எழுதிக் குடுத்திருக்காரு. நான் எப்படியும் போறவன்தான் அக்கா. கடுதாசி கிடைச்சாலும் ஆறு மாசம் கூட இருப்பேன், அவ்வளவுதானே? நீ ஒத்தைக்கட்டை, எப்படியும் சமாளிச்சுப்பே."

"நான் உன்னை வளர்த்தேன்டா."

"நீ என்னை வளர்த்தே. நான் என் பொண்ணை வளர்க்க வேணாமா?"

அக்கா அவன் உதட்டோரம் கசிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். அவள் நெஞ்சு பற்றி எரிந்தது, கை மட்டும் பழக்கத்தில் மெதுவாகத்தான் துடைத்தது. பதினெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் செத்தான். நிலையத்திலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. நுழைவு மண்டபத்தில் அவன் படத்தை மாட்டினார்கள். பத்தொன்பது ஆண்டுகள், ஒரு முறைகூட வரம்பைத் தாண்டாத முன்மாதிரித் தொழிலாளி என்று கீழே எழுதினார்கள்.

கமிஷன் முடிவு நான்கு மாதம் கழித்து வந்தது. நாட்டின் மின்தேவை கூடிக்கொண்டே போகிறதாம், அதனால் இரண்டும் வேண்டுமாம். பொட்டலில் பாதி மூன்றாவது உலைக்கு, பாதி காற்றாலைக்கும் சோலாருக்கும். சலூன்காரரும் அரைத்தலைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். அடித்துக்கொண்டதே மறந்துவிட்டது.

அடுத்த வருஷம் சோலார்ப் பலகைகளைப் போட்டதும் அக்காவுக்கு அவற்றைக் கழுவுகிற வேலை கிடைத்தது. புத்தி சரியில்லாதவள் என்று பெயர் எடுத்தவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? காலை ஐந்தரைக்குப் பலகை சூடேறுவதற்கு முன்னால் ஆரம்பித்து, குழாயும் நீள மாப்புமாக வரிசை வரிசையாகத் தேய்த்துக்கொண்டு போகவேண்டும். கடைசி வரிசை நிலையத்தின் கம்பிவேலியை ஒட்டி இருந்தது. அங்கே நின்றால் அவளுடைய பழைய ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குப் பின்னால் இப்போது உட்கார்ந்திருப்பது தம்பி மகள்தான். மூன்றாவது உலை எழும்பிப் புது வேலைகள் வர எப்படியும் பத்து வருஷம் ஆகும். ஆபீசர் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அப்போதைக்குக் காலியாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

விசாரணைக்குப் பிறகு அந்தப் பெண் அத்தையோடு பேசவே இல்லை. அந்த வருஷத்து ஷட்டவுன் தொடங்கின இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை தானாக வேலியோரம் வந்து நின்றாள். கழுத்துச் சங்கிலியில் ஊசி தொங்கியது. கையில் பிஸ்கட் டப்பா.

அக்கா மாப்போடு வேலியருகே போனாள். தன் பொருளைத் தன்னிடம் கொடுக்க வந்திருக்கிறாள், குழந்தைக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

"இங்க குடும்மா, வேலிக்கு மேல நீட்டு."

"இல்லை அத்தை, குடுக்க வரலை. சாயங்காலம் வரைக்கும் சீட்டு இதுல சும்மா கிடந்தா போதுமா, இல்லை மேல துணி ஏதாவது சுத்தணுமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அக்காவின் கையிலிருந்து மாப்பு நழுவியது. "யாரோட சீட்டு?"

பெண் வெட்கப்பட்டாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதே நிலையத்தில் வால்வு மெக்கானிக், நல்ல ஒல்லி. "அவரோடது மட்டும்தான் அத்தை. இன்னைக்கு ஒரு நாள்தான்."

"திருப்பிப் போட்டுடு! இப்பவே ஓடு! உங்கப்பன் எப்படிச் செத்தான்னு தெரியும்ல உனக்கு?"

"அப்பா கழட்டவே இல்லைன்னு அவரே சொன்னாரே."

"அது பொய்யின்னு உனக்குத் தெரியாதா?"

பெண் சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தெரியும் அத்தை. அதனாலதான் அப்பா பத்தொன்பது வருஷம் வேலையில இருந்தாரு. மத்தவங்க எல்லாம் ரெண்டு வருஷத்துல வீட்டுக்குப் போயிட்டாங்க. எப்படிச் செய்யுறதுன்னு எனக்கு யார் சொல்லிக் குடுப்பா? நீங்க அன்னைக்கு மைக்குல ஒண்ணு விடாம சொன்னீங்களே, அதை வச்சுத்தான் செஞ்சேன்."

அக்கா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். வாசலில் நின்ற செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தான். பலகை கழுவுகிற பைத்தியம்தான் என்று தெரிந்ததும் மறுபடி வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சங்கு ஊதியது. பெண் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவசர அவசரமாக ஜன்னலுக்குப் போனாள். அங்கே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.